சதுரங்கத்தில் அரங்கம் இல்லை

2022 ஜூலையில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை ஒன்றுக்குத் 'தம்பி' என்று பேர் வைத்து ஊரெல்லாம் நிறுத்தினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெயின்டோடு சேர்ந்து ஒரு சொல்லாராய்ச்சியும் ஊர் முழுக்கப் பூசப்பட்டது. பாலத்துப் பெயின்ட் மங்கிவிட்டாலும் சொல்லாராய்ச்சி மட்டும் மங்குவதாக இல்லை.

அது இதுதான்: சதுரமான அரங்கில் ஆடுவதால் அது 'சதுர அரங்கம்'. அதுவே மருவிச் 'சதுரங்கம்' ஆனது. ஆகவே சொல் தமிழ். சொல் தமிழென்றால் ஆட்டமும் தமிழர் கண்டதே. அந்தச் சதுரங்கமே மேற்கே போய்த் தேய்ந்து ஆங்கிலத்தில் 'செஸ்' ஆயிற்று. பட்டிமன்ற மேடையிலும் பள்ளிப் பேச்சுப்போட்டியிலும் இதைக் கேட்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை யாராவது ஒரு சித்தப்பா அனுப்புகிறார். படித்தவர்கள் நம்புகிறார்கள், தமிழாசிரியர்கள் சிலரும் நம்புகிறார்கள். சந்தேகம் கிளப்பினால் 'உனக்கு மொழிப்பற்று இல்லையா' என்று கேள்வி வருகிறது.

மொழிப்பற்று இருப்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட இழுத்தால் நிற்காது.

எதிர்த்தரப்பில் இருக்கும் நல்ல சரக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அரங்கு' என்பதற்கு ஆடுகட்டம் என்ற பொருள் தமிழில் உண்டு, அதுவும் மிகப் பழையது. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளே அரங்கு வரையாமல் வட்டாடுகிறவனைப் பற்றித்தான் பேசுகிறது. நாடக மேடைக்கு வழங்கும் அதே சொல் காய் வைத்தாடும் கட்டத்துக்கும் வழங்கியிருக்கிறது. ஆகவே 'சதுர அரங்கம்' என்று ஒருவர் பிரித்துப் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம் அல்ல, கெட்டிக்காரத்தனமான ஊகம். ஊகத்துக்கு அடுத்த படி சோதனை. அந்தப் படியில்தான் யாரும் கால் வைக்கவில்லை.

சோதனைக்கு நம் இலக்கணமே போதும். சதுரம் என்பதோடு அரங்கம் சேர்ந்தால் என்ன ஆகும்? ஈற்றிலுள்ள மகரம் கெடும், இடையே வகர உடம்படுமெய் வரும். மரம் என்பதோடு அடி சேர்ந்து மரவடி ஆவதும், வட்டத்தோடு ஆழி சேர்ந்து வட்டவாழி ஆவதும் இந்த வழியில்தான். அப்படியானால் கிடைப்பது 'சதுரவரங்கம்'. இதே அரங்கத்தைத் திருவோடு சேர்த்துத்தான் நாம் திருவரங்கம் என்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கோடிக்கணக்கான வாய்கள் உச்சரித்தும் திருவரங்கம் 'திருங்கம்' ஆகிவிடவில்லை. ஸ்ரீரங்கம் என்று சுருக்கினவர்கள்கூட 'ரங்கம்' முழுசாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சதுரங்கத்தில் மட்டும் அரங்கத்தின் ரகரம் எங்கே போயிற்று? சதுரத்துக்கு ஒரு ரகரம், அரங்கத்துக்கு ஒரு ரகரம், ஆக இரண்டு வேண்டும். எழுதிப் பாருங்கள், ஒன்றுதான் இருக்கிறது.

சமஸ்கிருதப் புணர்ச்சிப்படி சேர்த்தாலும் வழி பிறக்காது. அங்கே அகரமும் அகரமும் சேர்ந்தால் ஆகாரமாக நீளும், 'சதுராரங்கம்' என்று வரும். எந்த வீட்டுச் சட்டப்படியும் இந்தக் கல்யாணம் செல்லாது.

'மரூஉ ஐயா, மரூஉ' என்பார்கள். ஒரே ஒலி அடுத்தடுத்து வந்தால் ஒன்று உதிர்ந்துபோவது உலக மொழிகளில் நடக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் மருவிய சொல் தன் பழைய உருவத்தை எங்காவது விட்டுவைக்கும். தஞ்சாவூர் தஞ்சை ஆனது, தஞ்சாவூரும் இருக்கிறது. கோயம்புத்தூர் கோவை ஆனது, கோயம்புத்தூரும் இருக்கிறது. சதுரவரங்கம் எங்கே இருக்கிறது? அதைப் பார்த்ததாக இந்தக் கட்சியில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. மருவியதற்குச் சான்று மருவிய வடிவமே என்றால், எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எந்தச் சொல்லிலிருந்து வேண்டுமானாலும் பிறப்பிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அரங்கம் தமிழ் என்று வைத்துக்கொள்வோம், சதுரம்? அது 'நான்கு' என்று பொருள்படும் 'சதுர்' என்ற வடசொல்லின் வழிவந்தது. பிள்ளையாருக்குச் சதுர்த்தி கொண்டாடுகிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் வரிக்கு வரி வரும் சதுர்வேதிமங்கலங்களும் அந்தச் சதுர்தான், நான்கு வேதம் ஓதியவர்களுக்கு விட்ட ஊர். அதைச் சதுர வடிவ வேதிமங்கலம் என்று இதுவரை யாரும் பிரிக்கவில்லை, நல்ல வேளை. தூய தமிழ் என்று நிறுவப் புறப்பட்டவர்கள் வண்டியில் பூட்டிய முதல் மாடே வடக்கத்தி மாடு.

சரி, சொல் என்னதான் சொல்கிறது? சதுர், அங்கம். நான்கு உறுப்பு. அங்கத்தை எண்ணிப் பெயரிடும் வழக்கம் நமக்குப் பழகினது. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தும் சேர்ந்தது பஞ்சாங்கம். எட்டு உறுப்பும் தரையில் படும்படி விழுவது சாஷ்டாங்கம். இவற்றைப் பஞ்ச அரங்கம், அட்ட அரங்கம் என்று யாரும் விரிக்கவில்லை. சதுரங்கம் அதே குடும்பத்துப் பிள்ளை. அதன் நான்கு உறுப்புகள் யானை, தேர், குதிரை, காலாள். சதுரங்கம் என்றால் படை.

இங்கேதான் அரங்கக் கட்சி முழுசாக விழுகிறது. இந்தச் சொல் ஆட்டத்துக்குப் பெயராவதற்கு வெகுகாலம் முன்பே படைக்குப் பெயராக இருந்தது. மகாபாரதத்திலும் ராமாயணத்திலும் நால்வகைச் சேனைக்கு இதே பெயர்தான். அங்கே பலகையும் கிடையாது, கட்டமும் கிடையாது. புழுதி பறக்கிற நிஜமான போர்க்களம். நம் ஊர்க் கதாகாலட்சேபத்தில் 'ரத கஜ துரக பதாதி' என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்களே, அந்தச் சதுரங்க சேனையை எந்தச் சதுர அரங்கத்தில் நிறுத்துவது? சொல்லின் பழைய ஆட்சி முழுவதையும் விட்டுவிட்டுப் பின்னால் வந்த ஓர் ஆட்சியை மட்டும் விளக்குவது சொல்லாராய்ச்சி ஆகாது.

படையின் பிரிவுகளை உறுப்பு என்று எண்ணுவது தமிழுக்கு அந்நியமான எண்ணமும் அல்ல. படைமாட்சி அதிகாரத்தின் முதல் குறளைத் திருவள்ளுவர் 'உறுப்பு' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார். பரிமேலழகர் அதற்கு உரை சொல்லும்போது யானை முதலாக நான்கு உறுப்பு என்று எண்ணிக் காட்டுகிறார். அங்கம் என்பதற்கு நேர்த் தமிழ் உறுப்பு. வேண்டுமானால் சதுரங்கத்தை 'நாலுறுப்பு' என்று தமிழாக்கிக் கொள்ளலாம், அதில் நேர்மை இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் சதுரங்கத்துக்கு நால்வகைச் சேனை என்ற பொருளைக் கொடுக்கிறது. அதைத் தொகுத்த வையாபுரிப் பிள்ளை மேல் கோபம் உள்ளவர்கள் பரிமேலழகரோடு நிற்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பலகைக்கு வருவோம். சதுரமான பலகைதான் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தது என்பது வாதம். ஆனால் அந்தப் பலகைக்குத் தனியாக ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது, அதுவும் ஆட்டத்தைவிடப் பழைய பெயர். அஷ்டாபதம். வரிசைக்கு எட்டுக் கட்டமாக எட்டு வரிசை. கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பதஞ்சலியின் மகாபாஷ்யம் இந்தப் பலகையைக் குறிப்பிடுகிறது. பௌத்தர்களின் பிரம்மஜால சூத்திரத்தில் புத்தர் தொடாத விளையாட்டுகளின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. அதில் எட்டுக் கட்டப் பலகை ஆட்டமும் பத்துக் கட்டப் பலகை ஆட்டமும் இருக்கின்றன. அந்தக் காலத்து அஷ்டாபத ஆட்டம் தாயம் உருட்டி ஆடிய வேறு ஏதோ ஓர் ஆட்டம். பலகை முதலில் வந்தது, படை பிறகு வந்து அதன்மேல் ஏறி நின்றது. பழைய பலகையில் புது ஆட்டம்.

இந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. இந்த வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 7ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கன்னோசியை ஆண்ட ஹர்ஷரைப் பற்றிப் பாணபட்டர் எழுதிய ஹர்ஷ சரிதம். அரசனின் ஆட்சி எவ்வளவு அமைதியானது என்று புகழவேண்டும். பாணர் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவர். வாக்கியத்துக்கு வாக்கியம் சிலேடை வைப்பார், படிக்கிறவன் பெருமூச்சு விடுவான். அந்த வரிசையில் ஒன்று: இவர் ஆட்சியில் 'சதுரங்க கற்பனை' என்பது அஷ்டாபதங்களில் மட்டுமே உண்டு. குற்றவாளியின் கை இரண்டு, கால் இரண்டு என நான்கு அங்கங்களையும் வெட்டும் தண்டனை என்று ஒரு பொருள். நால்வகைப் படையை அணிவகுப்பது என்று இன்னொரு பொருள். முதலாவது இந்த நாட்டில் இல்லை, இரண்டாவது மட்டும் ஆட்டப் பலகையில் நடக்கிறது என்பது கருத்து. 'அங்கம்' என்பது உறுப்பு என்று பொருள்படாவிட்டால் இந்தச் சிலேடை ஓர் அடிகூட நகராது. சதுர அரங்கத்தை யாராலும் வெட்ட முடியாது. அதோடு, பலகை வேறு, சதுரங்கம் வேறு என்பதையும் பாணர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பலகை அஷ்டாபதம், அதன்மேல் நிற்பது சதுரங்கம். ஆட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கியச் சான்றுகளில் ஒன்று, அரங்கத்துக்கு இப்படி இடமே இல்லாமல் செய்கிறது.

எல்லை தாண்டிப் போன ஆட்டமும் இதையே சொல்கிறது. பாரசீகத்தில் இதன் பெயர் சத்ரங். அங்கே பஹ்லவி மொழியில் ஒரு சிறிய நூல் உண்டு. தேவசர்மன் போல ஒலிக்கும் பெயருள்ள இந்திய அரசன், பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோவின் அவைக்கு மரகதக் காய் 16, மாணிக்கக் காய் 16 கொண்ட ஆட்டத்தை அனுப்பி, 'முடிந்தால் விளக்குங்கள், இல்லையேல் கப்பம் கட்டுங்கள்' என்று சவால் விடுகிறான். அமைச்சர் புசுர்க்மிஹ்ர் விளக்கிவிடுகிறார். கதை கதைதான், வரலாறு என்று எடுக்க வேண்டாம். ஆனால் அவர் விளக்கம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்: இது அரசன், இவை இடப்பக்கம் வலப்பக்கத்து அணிகள், இது படைத்தலைவன், இது யானை, இது குதிரைப்படை, முன்வரிசையில் நிற்பது காலாட்படை. பலகையின் வடிவத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. ஆட்டத்தைப் பார்த்தவுடன் அவர் கண்ணில் பட்டது படை.

காய்களின் பெயர்களும் படையாகவே பயணம் போயின. ஓரத்தில் நிற்கும் காயை ஆங்கிலத்தில் 'ரூக்' என்கிறார்களே, அது பாரசீக 'ருக்', தேர். அரபியர் யானையை 'ஃபீல்' என்றார்கள், ஸ்பானிய மொழியில் அது 'அல்ஃபில்' என்று இன்றும் பிஷப்பின் பெயர். ரஷ்யாவில் பிஷப்பை 'ஸ்லோன்' என்கிறார்கள், அதுவும் யானைதான். யானையே பிறக்காத பனிநாட்டில் யானை எப்படிப் பலகையேறியது? நான்கு உறுப்பில் ஓர் உறுப்பாக அது ஆட்டத்தோடு போயிருக்கிறது. நம்மூரில் பல வீடுகளில் யானை மூலையில் நிற்கும், சில வீடுகளில் அதே காய் கோட்டை. பிஷப்பைப் பற்றிக் கேட்டால் மந்திரி என்பார் ஒருவர், தேர் என்பார் இன்னொருவர். சண்டை மூண்டால் ஆட்டம் தொடங்காது. இந்தக் குழப்பமும் பழசுதான். இந்தியர்கள் யானையை மூலையில் வைத்து ஆடுகிறார்கள் என்று 9ஆம் நூற்றாண்டு அரபு ஆட்டக்காரர் அல்-அத்லி எழுதியிருக்கிறார்.

'செஸ்' சதுரங்கத்திலிருந்து வந்தது என்ற கண்ணிக்கு அதிக நேரம் வேண்டாம். சதுரங்கம், சத்ரங், அரபியில் ஷத்ரஞ்ச், ஸ்பெயினில் அஹெத்ரெஸ், போர்ச்சுகலில் ஷத்ரெஸ் என்று போகும் வழி ஒன்று. மலாய்க்காரர்கள் இன்றும் 'சாத்தூர்' என்கிறார்கள், மலேசியத் தமிழர்களுக்குத் தெரியும். ஆங்கிலம் இந்த வழியில் இல்லை. பாரசீகத்தில் அரசன் 'ஷா'. எதிரியின் அரசனைத் தாக்கும்போது 'ஷா!' என்று எச்சரிப்பது வழக்கம். அந்தக் கூவல்தான் இடைக்கால லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, அதன் பன்மை ஆங்கிலத்தில் 'செஸ்' ஆனது. ஜெர்மனியில் ஷாஹ், இத்தாலியில் ஸ்காக்கி, எல்லாம் அதே ராஜா. ஆட்டத்தில் சொல்லும் 'செக்' அதுவே, வங்கியில் கிழித்துக் கொடுக்கும் செக்கும் சுற்றிவளைத்து அதுவே. ஆக ஆங்கிலப் பெயரில் இருப்பது படைகூட அல்ல, அரசன் மட்டும். 'செக்மேட் என்றால் அரசன் செத்தான்' என்றும் ஒரு விளக்கம் சுற்றுகிறது. சதுரங்கத்தில் அரசன் சாவதே இல்லை, அவனை வெட்டவும் விதியில்லை. பாரசீகத்தில் 'மாத்' என்றால் வழியற்றுத் திகைத்து நிற்பது. அரபியில் அதே ஒலிக்குச் சாவு என்ற பொருள் இருப்பதால் வந்த குழப்பம் அது.

சொல்லில் தோற்றவர்கள் மண்ணைத் தோண்டுவார்கள். 'கீழடியில் சதுரங்கக் காய் கிடைத்ததே?' கீழடியில் கிடைத்தவை சுடுமண் ஆட்டக்காய்கள், வட்டச் சில்லுகள், பகடை. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் காய் கிடைத்தால் ஆட்டம் தெரிந்துவிடாது. சதுரங்கத்தின் அடையாளம் காய் அல்ல, காய்க்குக் காய் உள்ள வேறுபாடு. அரசன் ஒரு விதமாக நகர, குதிரை தாவ, காலாள் ஓரடி வைக்க, தரம் தரமாகப் பிரிந்த படை வேண்டும். உருவத்தால் தரம் பிரியாத கூம்புகளை வைத்துத் தாயமும் ஆடலாம், வேறு எதுவும் ஆடலாம். சமர்கந்துக்குப் பக்கத்து அஃப்ராசியாபில் 1977இல் கிடைத்த தந்தக் காய்கள் ஏழுதான். ஆனாலும் அவற்றைப் பார்த்தவுடன் இது ஒரு படை என்று சொல்லிவிட முடிகிறது. ஆளும் விலங்குமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் காலம் 7, 8ஆம் நூற்றாண்டு. லோத்தல் கூம்புகளைக் காட்டிச் சிந்துவெளியில் செஸ் ஆடினார்கள் என்று வடக்கே சொல்கிறவர்களுக்கும் இதே பதில்.

அடுத்த சாட்சி திருப்பூவனூர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கோயில், சுவாமி பெயர் சதுரங்க வல்லபநாதர். ஆட்டத்தில் வல்ல இளவரசியைக் கிழவர் வேடத்தில் வந்த சிவன் தோற்கடித்து மணந்த கதை. ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமரே இந்தக் கோயிலைச் சொன்னார், அதன் பிறகு கேட்க வேண்டுமா? அப்பர் பாடிய தலம் அது, உண்மை. ஆனால் அப்பர் ஓர் ஊரைப் பாடினார் என்பதும், அந்த ஊரின் தலபுராணத்தில் ஒரு கதை வருகிறது என்பதும் ஒரே காலத்துச் செய்திகள் அல்ல. தமிழ்நாட்டுத் தலபுராணங்களில் பெரும்பாலானவை தேவாரத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை. பிற்காலத்துக் கதையை வைத்து முற்காலத்து ஆட்டத்தைத் தேதியிட முடியாது. கதையை நம்புகிறவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு: சுவாமியின் பெயரே முழு வடமொழித் தொடர்.

இந்தச் சண்டையில் எனக்கு உண்மையான ஆத்திரம் எங்கே வருகிறது என்றால், நம்முடைய நிஜமான பழைய ஆட்டம் யாருக்கும் நினைவில் இல்லை என்பதில்தான். அதன் பெயர் வல்லு. சங்கப் பாட்டில் இருக்கிறது. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் அழிந்துபோன ஓர் ஊரின் பொதுமன்றமான பொதியிலைப் புலவர் காட்டுகிறார். ஒரு காலத்தில் கடவுள் குடியிருந்த தூண், இப்போது பலி கொடுக்க ஆளில்லாமல் பாழாகக் கிடக்கிறது. நரைத்த கிழவர்கள் அங்கே உட்கார்ந்து வல்லாடியவர்கள். வருஷக்கணக்காகக் காய் வைத்து வைத்து ஆடிடம் குழிந்துபோயிருக்கிறது. ஊர் காலியாகிவிட்டது, கிழவர்கள் போய்விட்டார்கள். அந்தக் குழிகளில் இப்போது காட்டுக்கோழி முட்டையிட்டு நிரப்பி வைத்திருக்கிறது. பகையரசன் வந்து போன ஊருக்கு இதைவிட எப்படிச் சொல்வது?

வல்லாட்டக் காய்க்கு அன்று பெயர் 'நாய்'. பழைய கிரேக்கர்களும் தங்கள் பலகை ஆட்டமொன்றின் காய்களை நாய் என்றுதான் அழைத்தார்கள். உடனே கிரேக்க ஆட்டம் மதுரையிலிருந்து போனது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வல்லு எப்படி ஆடப்பட்டது, எத்தனை பேர் ஆடினார்கள், கவறு என்ற பகடையோடு அதற்கு என்ன உறவு என்று தேடுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. இந்தத் தேடலுக்கு மேடை கிடைப்பதில்லை. சங்கப் புலவர்கள் நால்வகைப் படையையும் சலிக்காமல் பாடினார்கள், வல்லையும் கவற்றையும் வட்டையும் பாடினார்கள். படையையே பலகையில் ஏற்றிய ஆட்டம் ஒன்று அவர்கள் ஊரில் இருந்திருந்தால் அதை உவமையாக்காமல் விட்டிருப்பார்களா? இல்லாததை வைத்து வாதிடுவது அரைச் சான்றுதான். இருந்தாலும் அரங்கக் கட்சி கையில் அந்த அரையும் இல்லை.

இந்த நோய் தமிழர்களுக்கு மட்டும் வந்ததல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டங்கன் ஃபோர்ப்ஸ் 1860இல் ஒரு புத்தகம் எழுதி, நால்வர் தாயம் உருட்டி ஆடும் சதுரங்கமே ஆதி வடிவம், அதற்கு வயது 5000 வருஷம் என்றார். புராணத்தில் இருப்பதாக அவர் நம்பிய பகுதி உண்மையில் வங்காளத்து ரகுநந்தனரின் திதிதத்துவத்தில் இருப்பது. அது 16ஆம் நூற்றாண்டு நூல். வான் டெர் லிண்டே 1874இலும், முர்ரே தம் பெரிய செஸ் வரலாற்றில் 1913இலும் அந்தக் கட்டடத்தை இடித்துப் போட்டார்கள். இடித்து நூறு வருஷம் தாண்டியும் '5000 வருஷம்' மட்டும் மேடைகளில் உயிரோடு இருக்கிறது. தருமர் சதுரங்கத்தில் நாட்டைத் தோற்றார் என்று படம் வரைகிறார்கள். சபா பர்வத்தில் சகுனி உருட்டியது பகடை. இலங்கையை ராமன் முற்றுகையிட்டபோது ராவணன் மனைவி அவன் பொழுதுபோக்குக்காகக் கண்டுபிடித்த ஆட்டம் இது என்ற கதையை வில்லியம் ஜோன்ஸ் 1790இலேயே பதிவு செய்திருக்கிறார். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆசை.

இத்தனையும் சொன்னபின் ஒருவர் கேட்கலாம்: 'அப்படியானால் ஆட்டம் சமஸ்கிருதக்காரர்களுடையதா?' இந்தக் கேள்வியே தப்பு. சொல் ஒரு மொழியில் இருப்பதால் பொருள் அந்த மொழிக்காரர்களுடையது ஆகிவிடாது. 'செஸ்' பாரசீக அரசனின் பெயர், அதனால் ஆட்டம் பாரசீகம் ஆகவில்லை. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆகி இன்று ஆஸ்திரேலியாவில் கட்டும் இரட்டை உடல் கப்பலுக்குப் பெயராக இருக்கிறது. சொல் நம்முடையது. அந்தக் கப்பலின் மூதாதை நம் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டியது அல்ல, பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைத் தோணி. வடமொழிப் பெயரிலிருந்து நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான்: பெயர் வைத்தவர்கள் அதில் நாற்படையைப் பார்த்தார்கள். எந்த ஊரில், எந்த மொழி பேசியவர் முதன்முதலில் குதிரையைத் தாவவிட்டார் என்பதைச் சொல்லாராய்ச்சி சொல்லாது. அரங்கக் கட்சியும் சமஸ்கிருதக் கட்சியும் இந்த இடத்தில் ஒரே தவறைத்தான் செய்கின்றன, திசை மட்டும் வேறு.

'இருக்கட்டுமே, பிள்ளைகளுக்கு ஒரு பெருமிதம், இதனால் யாருக்கு நஷ்டம்?' என்று கேட்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். மனுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார், ஆனந்த் அங்கே ஆடி வளர்ந்தார், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். இவர்களுக்குச் சதுர அரங்கம் எந்த உதவியும் செய்யவில்லை. நஷ்டம் வேறு இடத்தில். கீழடியின் காலக்கணக்கை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள் டெல்லியில் உண்டு, சென்னையிலும் உண்டு. சுடுமண் கூம்பைச் சதுரங்கக் காய் என்று நாம் சொல்லும்போது, 'பாருங்கள், இவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான்' என்று அவர்கள் கையில் நாமே கத்தியைக் கொடுக்கிறோம். பானை ஓட்டுத் தமிழி எழுத்தையும் அந்த ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். புணர்ச்சி விதியை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், மதியம் பேச்சுப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து அதே விதியை மீறிய பிரிப்புக்கு முதல் பரிசு கொடுக்கிறார். பிள்ளை எதை நம்பும்?

ஆகவே அரங்கக் கட்சிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'சதுரவரங்கம்' என்றோ 'சதுரரங்கம்' என்றோ எழுதிய ஒரு கல்வெட்டு, ஓர் ஓலை, நிகண்டில் ஒரு சூத்திரம், ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். பாணருக்கு முற்பட்டது வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ரகுநந்தனர் காலத்து ஏடு கிடைத்தாலும் போதும், உட்கார்ந்து பேசலாம்.